பதில் வரும்வரை விடாத கை

என் பெயரும் என் வீட்டுக்காரர் பெயரும் காகிதத்தின் தலையில் எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் நானே திரும்பிப் பார்க்க மாட்டேன். சபையிலும் வேலை செய்யும் இடத்திலும் என்னை வாயாடி என்றுதான் கூப்பிடுவார்கள், அதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளும்படி சொன்னேன். வயது நாற்பத்தெட்டு. படிப்பு மூன்றாம் வகுப்பு, அதுவும் முழுசாக இல்லை. தொழில் சலவைக் கடையில் இஸ்திரி போடுவது. குடியிருப்பது அதே கடைக்குப் பின்புறச் சந்தில், மாடியில், படியேறியதும் இடது கைப் பக்கம் உள்ள வீடு. கடை சபையைச் சேர்ந்தவருக்குச் சொந்தம், வீடு சபைக்குச் சொந்தம், என் வீட்டுக்காரர் சபை வேனை ஓட்டுகிறார். இதையெல்லாம் விலாசத்தில் எழுத வேண்டுமா என்று இந்தக் காவல் நிலையத்தில் வாக்குமூலம் எழுதுகிற அதிகாரி அம்மா கேட்டார். இதுதான் என் விலாசமே என்று சொன்னேன்.

என் மேல் கொடுக்கப்பட்டிருக்கும் புகார் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. இன்று காலை சபைக் கூடத்தில் உள்ள ஞானஸ்நானத் தொட்டியில் நான் சபை மூப்பரின் கையைப் பிடித்து வேண்டுமென்றே தண்ணீருக்குள் இழுத்ததாகவும், அதனால் அவருடைய தோள் எலும்பு முறிந்ததாகவும் அதில் இருக்கிறது. எலும்பு முறிந்தது உண்மை, சத்தம் எனக்கும் கேட்டது. இழுத்தது நான் அல்ல. அது எப்படி என்று சொல்ல வேண்டுமானால் முதலிலிருந்துதான் சொல்ல வேண்டும், நடுவில் ஆரம்பித்தால் என் வாய் வேறு எங்கேயாவது போய்விடும்.

எனக்கு முதலில் பிறந்தது பையன். ஏழு வயதில் காய்ச்சலில் போய்விட்டான். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத வேண்டாம். அப்போது கடைக்குத் துணி போட வந்த ஒரு பெண், சபையைச் சேர்ந்தவர், செத்தவர்கள் ஒரு நாள் எழுந்திருப்பார்கள் என்றும் அன்றைக்கு நான் பையனைப் பார்க்கலாம் என்றும் சொன்னார். அதுவரைக்கும் ஆறுதல் சொல்ல வந்தவர்கள் எல்லோரும் மறந்துவிடு என்றுதான் சொன்னார்கள். பார்க்கலாம் என்று சொன்னது அவர் ஒருவர்தான். அதன் பிறகு நானும் வீட்டுக்காரரும் சபைக்குப் போக ஆரம்பித்தோம். ஒரு நாள் மூப்பரிடம், "ஐயா, எந்திரிக்கும்போது அதே சைஸ்ல எந்திரிப்பானா, இல்ல வளர்ந்துபோய் எந்திரிப்பானா? சட்டை தைக்கணும்" என்று கேட்டேன். நான் எதைக் கேட்டாலும் கேலி என்று நினைக்கிறவர்கள் பக்கத்தில் இருந்ததால் சிரித்தார்கள். மூப்பர் மட்டும் சிரிக்காமல், "கடைசிவரைக்கும் உண்மையா இருந்தீங்கன்னா நீங்களே அளவெடுத்துத் தைக்கலாம்மா" என்றார். அதன் பிறகு அவர் மேல் எனக்கு மரியாதை உண்டானது. இப்போதும் இருக்கிறது, அதையும் எழுதிக்கொள்ளவும்.

அதன் பிறகு எனக்கு ஞானஸ்நானம் நடந்தது. தொட்டி, கூடத்தின் முன்பக்கம் பலகை மூடிக்குக் கீழே, தரைக்குள் இருக்கிறது. மூடியைத் தூக்கிவிட்டுப் படியில் இறங்கி இடுப்பளவு தண்ணீரில் நிற்க வேண்டும். மூப்பரும் தண்ணீருக்குள் உள்ள படியில் நின்று, நம் வலது கை மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு இரண்டு கேள்வி கேட்பார். ஆண்டவரை நம்புகிறாயா என்பது முதல் கேள்வி. சபையை விட்டுப் போகிறவரோடும் அவர் வீட்டாரோடும் இனி உன் வாய் பேசாது, உன் கை கொடுக்காது, வாங்காது என்று தண்ணீர் சாட்சியாகச் சொல்கிறாயா என்பது இரண்டாவது. இரண்டையும் ஒரே மூச்சில் கேட்பார், இரண்டுக்கும் சேர்த்து ஒரே பதில்தான். கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொல்ல வேண்டும். பதில் வரும்வரை மூப்பர் கையை விடக் கூடாது, விட்டால் அந்த ஆத்துமாவையே விட்ட மாதிரி என்பது சபையின் முறை. பதில் வந்த பிறகு முக்கி எடுப்பார், அதன் பிறகு துண்டு கொடுப்பார்கள்.

தண்ணீர் ஐஸாக இருந்தது, எனக்குப் பல் தந்தியடித்தது. நான் சும்மா இல்லாமல், "ஐயா, சீக்கிரம் கேளுங்க, எங்க வீட்டுக்காரர் முன்னாடி இவ்வளவு நேரம் கையப் புடிச்சுட்டு நின்னா அவரு என்ன நினைப்பாரு" என்றேன். கூடமே சிரித்தது. முதல் கேள்விக்கு ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன், அதற்குள் இரண்டாவது கேள்வியும் முடிந்திருந்தது. யார் விட்டுப் போகப்போகிறார்கள், எனக்கு இருக்கிற இரண்டு பேரும் முன் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஆமாம் என்று உரக்கச் சொன்னேன். என் வாய்க்கு அந்த ஒன்றிலாவது பிரயோஜனம் இருக்கட்டுமே என்று கொஞ்சம் அதிகமாகவே உரக்கச் சொன்னேன்.

அங்கியில் இரும்பு வைத்துத் தைத்திருந்தது ஏன் என்று கேட்டதற்கு: அன்று என்னை முக்கி எடுத்தபோது நான் உடுத்தியிருந்த வெள்ளை அங்கி குடை மாதிரி விரிந்து மேலே வந்துவிட்டது, பார்க்கக் கூடாததை முன் பெஞ்சுக்காரர்கள் பார்த்தார்கள். அதன் பிறகு சபை அங்கிகளைத் துவைத்து இஸ்திரி போடுகிற வேலையை நானே கேட்டு வாங்கினேன், ஒவ்வொரு அங்கியின் கீழ் மடிப்புக்குள்ளும் வேனிலிருந்து கழித்துப் போட்ட நட்டுகளை வைத்துச் சுற்றிலும் தைத்தேன். அதன் பிறகு அந்தத் தண்ணீரில் இறங்கிய எந்தப் பெண்ணுக்கும் மானம் போகவில்லை. புகாரில் ரகசியமாக இரும்பு என்று எழுதியிருப்பது இதைத்தான். சபையில் எல்லோருக்கும் தெரியும், மூப்பரே பாராட்டியிருக்கிறார்.

பையனுக்குப் பிறகு எனக்குப் பிறந்தவளை வீட்டில் சுண்டெலி என்று கூப்பிடுவேன். அவளை என்ன உறவு என்று எழுதுவது என்று அதிகாரி அம்மா பேனாவை நிறுத்தினார். அந்த இடத்தைக் கொஞ்சம் விட்டு வையுங்கள், கடைசியில் சொல்கிறேன் என்றேன். சுண்டெலி பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அதே தொட்டியில் இறங்கினாள். கூட விளையாடுகிற பிள்ளைகள் எல்லோரும் இறங்கினார்கள், இவளும் இறங்கினாள். அவளுக்கு அங்கி பெரிதாக இருந்தது, நட்டுகள் படியில் இடித்துக் கிணுகிணு என்று சத்தம் போட்டன. அதே இரண்டு கேள்வி, அதே ஒரு பதில். கரையில் நின்று துண்டு கொடுத்தது நான்.

அதன் பிறகு அவள் பெரியவளானாள். தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் பழுதானபோது அதைப் பார்க்க ஒரு எலக்ட்ரீஷியன் வந்தார், சபைக்காரர் அல்ல. மோட்டார் ஓட ஆரம்பித்தது, பின்னாலேயே இவளும் அவரோடு ஓடிவிட்டாள். போகிற அன்றைக்கு என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். "அம்மா, எட்டாங்கிளாஸ்ல சொன்ன ஆமாமுக்கு நான் ஆயுசு பூரா கட்டுப்படணுமா?" என்று கேட்டாள். "நீ சொன்னப்ப எனக்கு நாப்பது வயசுடி, கரையில நின்ன எனக்கே புரியல" என்று சொன்னேன். அதுதான் அவளிடம் நான் நேராகப் பேசிய கடைசிப் பேச்சு.

அடுத்த கூட்டத்தில் மூப்பர் எழுந்து, அவள் பெயரைச் சொல்லி, இனி இவர் நம்மவர் அல்ல என்று அறிவித்தார். அழக் கூடாது என்று எங்களுக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் சுவரிலிருந்து அவள் படத்தைக் கழற்றினார், ஆணியை மட்டும் விட்டுவிட்டார். அந்த ஆணியில் நான் துணிப்பையை மாட்டினேன். அவர் தினமும் அந்தப் பையைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார்.

அதன் பிறகு நாள் போனது. ஒரு நாள் மத்தியானம் கடையில் நான் ஓட்டல் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். கடையின் முன்பக்கம் அரைச்சுவர், அதன் மேல் துணி போடுகிற கூடை. சுண்டெலி வந்து கூடையில் ஒரு விரிப்பைப் போட்டாள். அது துவைத்த விரிப்பு, சோப்பு வாசனை எனக்கே அடித்தது. நான் தலையைத் தூக்கவில்லை. வாய் பேசாது, கை கொடுக்காது, வாங்காது என்று சொல்லியிருக்கிறேன். ஆனால் இஸ்திரிப் பெட்டியிடம் பேசக் கூடாது என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானும் ஆமாம் சொல்லவில்லை. அதனால் பெட்டியைப் பார்த்து, "பெட்டியம்மா, யாரோ வெயில்ல நடந்து வந்திருக்காங்க போல. ஓரத்துல குடிக்கத் தண்ணி இருக்குன்னு யாராச்சும் சொன்னா தேவலை" என்றேன்.

அவள் என் வயிற்றில் பிறந்தவள்தானே, உடனே பிடித்துக்கொண்டாள். "பெட்டியம்மா, நான் நல்லா இருக்கேன்னு உங்க முதலாளியம்மாகிட்ட சொல்லிடுங்க" என்றாள்.

"யாரு, நானா முதலாளி? பெட்டியம்மா, நீயே சொல்லு, இங்க யாரு சூடு வைக்கிறா, யாரு சூடு வாங்குறா?" என்றேன்.

அவள் சிரித்த சத்தம் கேட்டது. பார்க்கவில்லை, கேட்டேன். அதன் பிறகு வாரம் தவறாமல் அதே துவைத்த விரிப்பு வந்தது. ஒரு தடவை அந்த விரிப்புக்குள் கைக்குட்டை அளவில் சின்னச் சின்னத் துணிகள் இருந்தன. பொம்மைக்குப் போடுகிற மாதிரி ஒரு சட்டையும் இருந்தது. கையிலிருந்த பெட்டியை ஓட்டல் விரிப்பின் மேலேயே வைத்துவிட்டேன், கருகிவிட்டது. அந்தக் கருகல் ஓட்டல் கணக்கில் போய்விட்டது, அது இந்தப் புகாரில் இல்லை.

"பெட்டியம்மா, பொண்ணுன்னு சொல்லிடுங்க" என்றாள் சுண்டெலி.

"யாரு மாதிரின்னு கேளு பெட்டியம்மா."

"ராத்திரி பகல் பாக்காம கத்துறா."

"அப்ப சந்தேகமே இல்ல, எங்க குடும்பம்தான்" என்றேன். அந்தச் சட்டைக்கு இஸ்திரி போட எனக்கு வெகு நேரம் பிடித்தது. எங்கே மடிப்பது என்றே தெரியவில்லை, மடிக்கிற அளவுக்கு அதில் துணியே இல்லை.

அதன் பிறகு, கடையில் விரிப்புகளை அழுத்துகிற ரோலர் மெஷினை ஓட்டுகிற பெண் இதை மூப்பரிடம் சொல்லிவிட்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். அவளும் அதே தொட்டியில் அதே பதில் சொன்னவள், பார்த்ததைச் சொல்லாவிட்டால் அவளுக்கும் அதே கதிதான். மூப்பர் என்னைக் கூடத்தின் பின்னறைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தார், டீ கூடக் கொடுத்தார். "விட்டுப் போனவகிட்ட பேசினீங்களாம்மா?" என்று கேட்டார்.

"இஸ்திரிப் பெட்டிகிட்டதான் ஐயா பேசினேன். அது சபைய விட்டுப் போகலையே, மாடா உழைக்குது" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். என் மனம் தண்ணீரில் சொன்ன சொல்லைச் சுற்றிச் சுற்றி வழி தேடுகிறது என்றும், அதனால் எனக்கு இரண்டாம் தண்ணீர் தேவை என்றும் மெதுவாகச் சொன்னார். இரண்டாம் தண்ணீர் என்பது, சொல் தளர்ந்தவரை மறுபடி தொட்டியில் இறக்கிக் கேட்பது. அப்போது ஒரே கேள்விதான். எனக்கு என்ன கேள்வி என்றேன். "உனக்கு மகள் உண்டா என்று கேட்பேன். இல்லைன்னு சொல்லணும்" என்றார்.

சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். சொல்லாவிட்டால் நானும் விட்டுப் போனவள் ஆவேன். வீடு சபையுடையது, கடையில் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் சபைக்காரர்கள், வீட்டுக்காரர் என்னோடு ஒரு வீட்டில் பேசிப் பழக முடியாது. இதையெல்லாம் அவர் சொல்லவில்லை, எனக்கே தெரியும். அவர் சொன்னது வேறு. "உங்க பையன் எந்திரிக்கிற அன்னிக்கு முதல்ல அம்மாவைத் தேடுவான். அப்ப நீங்க எங்கம்மா இருப்பீங்க?" என்றார்.  டீயைக் குடிக்காமல் எழுந்து வந்தேன்.

அதன் பிறகு இன்று காலை நடந்தது. அங்கிக்கு நானே இஸ்திரி போட்டேன். என் உடம்புக்குச் சபையில் இருப்பது ஒரே அங்கிதான், அது நீளம் அதிகம், மடிப்பு அதிகம், அதனால் நட்டும் அதிகம். கூடம் நிறைய ஆட்கள். வீட்டுக்காரர் முன் பெஞ்சில், கையில் எனக்கான துண்டை மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். படியில் இறங்கினேன். மூப்பர் மணிக்கட்டைப் பிடித்தார். "உனக்கு மகள் உண்டா?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். இல்லை என்ற சொல் வாய்க்குள் வந்தது, வெளியே போகவில்லை. உண்டு என்ற சொல்லும் வந்தது, அதுவும் போகவில்லை. அவர் மறுபடி கேட்டார். பெஞ்சில் யாரோ இருமினார்கள். அதன் பிறகு நான் தண்ணீருக்குள் உட்கார்ந்துவிட்டேன். மயக்கம் வந்தது, கால் மடங்கியது என்று எழுதட்டுமா, அப்படி இருந்தால் உங்களுக்கு நல்லது என்று அதிகாரி அம்மா கேட்டார். வேண்டாம். நானேதான் உட்கார்ந்தேன். தண்ணீருக்கு அடியில் இருக்கிறவளிடம் யாரும் பதில் கேட்க முடியாது, அதற்காகத்தான் உட்கார்ந்தேன். சாக வேண்டும் என்று நினைக்கவில்லை. கொஞ்ச நேரம் யாரும் என்னைக் கேட்காமல் இருக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

உள்ளே சத்தம் இல்லை. நட்டுகள் தரையில் வட்டமாக உட்கார்ந்திருந்தன. மூப்பரின் பாதம் தெரிந்தது, குதிகாலில் ஒரு பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. செருப்பு கடித்திருக்கும் போல என்று நினைத்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்து மேலே இழுத்தார். அங்கி கனம், நானும் கனம், தண்ணீரில் ஊறி இரண்டும் சேர்ந்து இன்னும் கனம். நான் அவர் கையைப் பிடிக்கவே இல்லை, என் விரல்கள் விரிந்துதான் இருந்தன, முன் பெஞ்சுக்காரர்கள் பார்த்திருப்பார்கள். அவர் கையை விட்டிருந்தால் விழுந்திருக்க மாட்டார். ஆனால் பதில் வரும்வரை அவர் விடக் கூடாது, நான் பதில் சொல்லும்வரை மேலே வர முடியாது. அப்படியே அவர் கால் வழுக்கி, தோள் படி விளிம்பில் இடித்து விழுந்தார். சத்தம் அப்போதுதான் கேட்டது. விழுந்த பிறகும் அவர் என் கையை விடவில்லை. வலியில் முகம் வெளுத்துப்போய், "சொல்லும்மா" என்றுதான் சொன்னார். ஆட்கள் குதித்து வந்து அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். என் மணிக்கட்டில் உள்ள தடத்தை அதிகாரி அம்மா பார்த்துக் குறித்துக்கொண்டார்.

அதன் பிறகு என்னை ஈர அங்கியோடு இங்கே கொண்டுவந்தார்கள். என் வீட்டுக்காரர் வந்து ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்றார். "ஒத்த வார்த்தை. இல்லைன்னு சொல்லிட்டு வந்துரு. புகாரை வாபஸ் வாங்கிக்கிறேன்னு மூப்பர் ஆஸ்பத்திரியிலேர்ந்தே சொல்லி அனுப்பிச்சிருக்காரு" என்றார்.

"நீங்க சொல்லிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"அவ வீட்ட விட்டுப் போன அந்த மாசமே என்னைக் கூப்பிட்டுக் கேட்டாங்க. சொல்லிட்டேன்."

"சொல்லிட்டு எப்படிங்க தூக்கம் வருது?"

"யாரு தூங்குறா?" என்று சொல்லிவிட்டு வேனுக்குப் போனார். இப்போதும் வேனில்தான் உட்கார்ந்திருக்கிறார், இன்ஜினை அணைக்கவில்லை, சத்தம் கேட்கிறது.

அவர் போன பிறகு சுண்டெலி வந்தாள். எலக்ட்ரீஷியன் கடைத்தெருவில் கேள்விப்பட்டுச் சொல்லியிருக்கிறார். எனக்கு மாற்றுத் துணி கொண்டுவந்து மேஜை மேல் வைத்தாள், கையில் கொடுக்கவில்லை, அவளுக்கும் தெரியும். அவளுடைய ரவிக்கை என் முழங்கை வரைக்கும்தான் ஏறியது. "பிள்ளை பெத்தும் நீங்க இப்படியே இருந்தா நாங்க எதை உடுத்துறது" என்று மேஜையைப் பார்த்துச் சொன்னேன். அவள் இப்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். குழந்தையும் இருக்கிறது, சத்தம் கேட்கிறது.

பிடிக்கவில்லை என்றால் வெளியே வந்துவிட வேண்டியதுதானே, கதவைப் பூட்டியா வைத்திருக்கிறார்கள் என்று அதிகாரி அம்மா என்னைக் கேட்டார். ஒரு பூட்டும் இல்லை. சபைக் கூடத்துக்குத் தாழ்ப்பாளே சரியாக விழாது. நான் தண்ணீரில் சொன்னது மூப்பரிடம் சொன்னது மட்டும் என்றால் என்றைக்கோ வந்திருப்பேன். அது ஆண்டவரிடமும் சொன்னது, இரண்டையும் ஒரே ஆமாமில் சேர்த்துச் சொல்லிவிட்டேன், இப்போது எதைப் பிடித்து இழுத்தாலும் இரண்டும் சேர்ந்து வருகிறது. இந்தப் பக்கம் வந்தால் பையன் தேடும்போது நான் இருக்க மாட்டேன். அந்தப் பக்கம் போனால் வெளியே பெஞ்சில் இருப்பவள் இல்லாமல் போவாள். மூப்பர் சொல்வது பொய் என்று எனக்குத் தெரிந்தால் சிரித்துவிட்டு வந்துவிடுவேன். எனக்குத் தெரியாது.

இங்கிருந்து எந்த வீட்டுக்குப் போகிறீர்கள் என்று கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்த இடத்தைக் காலியாக விடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

விட்டு வைத்த இன்னொரு இடத்தை இப்போது நிரப்பச் சொல்கிறேன். பிள்ளைகள் எத்தனை என்று சட்டம் கேட்கிறது, சட்டம் கேட்டால் பொய் சொல்லக் கூடாது என்று சபையிலும் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளைகள் இரண்டு. பையன் ஒருவன், இறந்துவிட்டான், திரும்பப் பார்ப்பேன் என்று காத்திருக்கிறேன். மகள் ஒருத்தி, உயிரோடு இருக்கிறாள், மேலே சுண்டெலி என்று எழுதிய இடத்திலெல்லாம் மகள் என்று திருத்தி எழுதவும். பேத்தி ஒருத்தி, அவள் முகத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

நான் என் மகளிடம் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் பேசியது காவல் நிலையத்திடம். எழுதி முடித்ததும் இதை எனக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்பது முறை என்று அதிகாரி அம்மா சொன்னார். அப்படி வாசிக்கும்போது அந்தக் கதவை நன்றாகத் திறந்து வைத்துவிட்டு, கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கிற மாதிரி உரக்க வாசிக்கும்படி கேட்டுக்கொண்டேன்.

முதல் வரியிலிருந்து எல்லாம் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. கதவு திறந்திருந்தது. நான் சொன்னபடியே இருக்கிறது, கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. இதைச் சொல்லும்போது என் கையை யாரும் பிடித்திருக்கவில்லை. வாசித்து முடித்ததும் வெளியே பெஞ்சிலிருந்து, "பெட்டியம்மா, எல்லாம் கேட்டுச்சுன்னு எங்கம்மாகிட்ட சொல்லிடுங்க" என்று ஒரு குரல் வந்தது. அதையும் சேர்த்து எழுதிய பிறகே கையெழுத்துப் போடுகிறேன்.

(கையொப்பம், ஈரம் பட்டு மை பரவியிருக்கிறது)